கச்சான் மூச்சு விடட்டும்

முந்நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் அட்டையில் ஒரு கறுப்பு வட்டம். இங்கிருந்து பார்த்தால் அது மிளகு அளவுக்குத்தான் தெரியும். அதன் நடுவில் குண்டைச் சேர்க்க வேண்டும், அதுவும் அறுபது முறை. பார்க்கிறவர்கள், ‘படுத்துக்கொண்டு சுடுவதுதானே, இதில் என்ன கஷ்டம்?’ என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அவர்களை ஒரு நாள் ஆடி மாத வெயிலில், முரட்டுக் கான்வாஸ் கோட்டை மாட்டி, சிக்கல் ஊருக்குத் தெற்கே அந்தப் பழைய உப்பளத்தில் குப்புறப் படுக்க வைத்தால் போதும். பத்தே நிமிடத்தில் வாயடைத்துப் போவார்கள்.

ஜெர்லின் அப்படித்தான் அன்று காலை படுத்திருந்தாள். தரைக்கு மேல் ஒரு பாய், பாய்க்கு மேல் அவள், தோளில் ரைபிள். பக்கத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. ஒவ்வொன்றிலும் இருபது தோட்டா. வெள்ளைப் பெட்டியின் குண்டு எடை குறைவு, தோளில் உதை கம்மி. சிவப்பின் குண்டு கனம், நீளமும் சற்றுக் கூடுதல், வால் பக்கம் கூம்பியிருக்கும். இரண்டுமே போட்டிக்கென்று செய்த வெளிநாட்டுச் சரக்கு. துப்பாக்கி சுடும் மன்றத்தின் பெயரில் வருடத்துக்கு ஒரு முறைதான் தருவிக்க அனுமதி. அதுவும் ஒரே ஒரு ரகம். எது என்று அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் இணையத்தில் பதிய வேண்டும்.

“ஜெர்லினு, மறுபடியும் சொல்றேன் கேட்டுக்க,” என்றார் காஜா நவாஸ். பெரியபட்டினத்துக்காரர், படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், மன்றத்துச் செயலாளர். “ரெண்டு பெட்டிலயும் பத்துப் பத்துத் தோட்டா. ஒவ்வொரு ரவுண்டுக்கும் அரை நிமிசம். ரெண்டுக்கும் ஒரே மாதிரி சுடணும். காத்தைப் பாத்துத் துப்பாக்கியைத் திருப்பாத, குறியை மாத்தாத. குண்டு தானாப் போய் எங்க விழுதுன்னுதான் நமக்குத் தெரியணும். சரியா?”

“சரிண்ணே.”

“மகேசு, நீ ரவுண்டை எண்ணி எழுதிக்க.”

மகேஸ்வரி தலையாட்டினாள். சிக்கல்காரி, வயது இருபத்துமூன்று. அவள் வீட்டில் எல்லாருமே மிளகாய்க் காட்டு வேலை. அவளும் பறித்தவள்தான். செடி செடியாய் ஒரே வேகத்தில் பறித்துக்கொண்டே போகிற அந்தக் கைதான் ரைபிளையும் பிடித்தது. நான்கு மூச்சு இழுத்து விடுவாள், ஐந்தாவது மூச்சில் சுடுவாள். இடி இடித்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

இரண்டு பேருக்கும் ஒரே ரைபிள், மன்றத்து ரைபிள். ஒரே ரகத் தோட்டா. செப்டம்பரில் மாநிலத் தேர்வு. பெண்கள் அணியில் காலியாக இருப்பதோ ஒரே ஓர் இடம். ஒன்றரை வருடமாக மாநிலத்தில் மற்ற யாரும் இவர்கள் பக்கம் நெருங்கவில்லை. ஆக, அந்த இடம் இவளுக்கா அவளுக்கா என்பதுதான் பாக்கி.

ஜெர்லினுக்கு அந்த இடம் வேண்டும். ஆசைக்கு இல்லை, பிழைப்புக்கு. தேசியப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப்போடலாம். வயது வரம்பு வரும் மார்ச்சோடு அவளுக்கு முடிகிறது. அதன்பின் தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில் விடியற்காலை நாலு மணிக்கு ஐஸ் கட்டி உடைப்பதுதான் ஆயுசுக்கும் வேலை. இப்போதே கைவிரல்கள் மரத்துப் போகத் தொடங்கிவிட்டன. மகேஸ்வரிக்கு இன்னும் நாலு வருடம் கிடக்கிறது. இதை ஜெர்லின் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

வெள்ளைப் பெட்டியில் தொடங்கினாள்.

காற்று இடமிருந்து வலமாக அடித்தது. கச்சான். இந்த மாதங்களில் மேற்கே இருந்து வருகிற காற்றுக்குக் கடற்கரையில் அதுதான் பெயர். சுடுதளத்தின் வழிநெடுகக் குச்சிகளில் கட்டிய சிவப்புத் துணிக்கொடிகள் படபடவென்று துடித்தன. காஜா நவாஸுக்கு ஒரு போன் வர, அவர் பேசிக்கொண்டே கருவேல மரத்து நிழலுக்குப் போனார். யாரோ பம்பு ரிப்பேருக்கு ஆள் கேட்டு உயிரை எடுத்தார்கள் போலிருக்கிறது. அவர் குரல் ஏறி ஏறி இறங்கியது. ஜெர்லின் ஒவ்வொன்றாகச் சுட்டாள். அப்புறம் சிவப்பு. அதற்குள் போனை முடித்துக்கொண்டு வந்து நின்றவர், “சட்டுப்புட்டுன்னு முடி தாயி, மணி பத்தரை ஆகுது” என்றார். முடித்தாள்.

அவர் பைக்கில் போய் இரண்டு அட்டைகளையும் கழற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைப் பெட்டியின் பத்து ஓட்டைகளும் ஒரு டீ கிளாஸைக் கவிழ்த்தால் மூடிவிடும். சிவப்பின் ஓட்டைகளை மூடச் சாப்பாட்டுத் தட்டே வேண்டும்.

“மாஷா அல்லாஹ்! இதுக்கு மேல என்ன பேச்சு? வெள்ளைதான்,” என்று காஜா நவாஸ் கைபேசியை எடுத்தார். “நெட்டு கிடைக்க மாட்டேங்குது. ரோட்டுப் பக்கம் போய்ப் போட்டுட்டு வாரேன். அதுக்குள்ள ரைபிளத் தொடச்சு வைங்க.”

ஜெர்லினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெள்ளை அவளுக்குப் பிடித்த ரகம், உதை இல்லாத ரகம். எழுந்து கோட்டைக் கழற்றினாள். மகேஸ்வரி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அவள் எழுதிய தாள் பாயின் மேல் ஒரு கல்லுக்கு அடியில் கிடந்தது. சும்மாதான் எடுத்தாள்.

பாழாய்ப்போன தாள்! எண்ணச் சொன்னால் எண்ணிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாமா? மகேஸ்வரி ஒவ்வொரு ரவுண்டுக்கும் நேரேயே நேரத்தையும் எழுதி வைத்திருந்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முத்து முத்தாக. வெள்ளை: முதல் ரவுண்டு ஒன்பது ஐம்பத்தெட்டு, பத்தாவது பத்து இருபது. சிவப்பு: முதல் ரவுண்டு பத்து முப்பத்தொன்று, பத்தாவது பத்து முப்பத்தாறு.

ஒன்றுக்கு இருபத்திரண்டு நிமிடம். இன்னொன்றுக்கு ஐந்து.

ஜெர்லின் அந்த எண்களை இரண்டு தடவை வாசித்தாள்.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் அப்பா அருளானந்தம் வல்லத்தில் பாம்பன் கால்வாயைத் தாண்டும்போது, காற்று ஓங்கி அடித்தால் துடுப்பை நிறுத்திவிடுவார். “பொறு. கச்சான் மூச்சு விடட்டும்” என்பார். எந்தக் காற்றும் விடாமல் அடிக்காது, நடுவில் ஓர் இடைவெளி விடும், அந்த இடைவெளியில் தாண்ட வேண்டும். சின்ன வயதில் வல்லத்தின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்து அந்த இடைவெளிக்காகக் காத்திருந்த உடம்பு இது. ரைபிள் பிடித்தாலும் அதையேதான் செய்கிறது. கொடி துடித்தால் விரல் நிற்கும். கொடி தொங்கினால் விரல் அழுத்தும். அவள் நினைத்துச் செய்வதல்ல.

வெள்ளைப் பெட்டியின் பத்துக் குண்டும் காற்றே இல்லாத நேரத்தில் போனவை. சிவப்பின் பத்தும் ஓங்கி அடித்த காற்றுக்குள்ளே போனவை. இதில் எதை எதோடு ஒப்பிடுவது? எடை குறைந்த குண்டைக் காற்று எளிதில் தள்ளும், கனமான குண்டை அவ்வளவு தள்ளாது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். காற்றைப் பாராமல் நான்கு மூச்சுக் கணக்கில் சுடுகிற மகேஸ்வரிக்கு வெள்ளையைக் கொடுத்தால், அவள் தோற்றுத்தான் போவாள்.

எல்லாம் சரி. ஆனால் சிவப்புக்கு மட்டும் நான் ஏன் காத்திருக்கவில்லை?

அந்தக் கேள்விதான் அவளைக் கொன்றது. அண்ணன் அவசரப்படுத்தினார், அதனால்தான் என்று சொல்லலாம். அரை நிமிடக் கட்டளையை அவர் ஆரம்பத்திலேயே இரண்டுக்கும் சேர்த்துத்தானே போட்டார்? அதை வெள்ளைக்கு மீறிவிட்டு, சிவப்புக்கு மட்டும் நல்ல பிள்ளையாகக் கேட்டது யார்? கை தானாகச் செய்ததா, மனது சொல்லிச் செய்ததா?

ரோட்டுப் பக்கம் பைக் சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது. சும்மா இருந்தால் போதும். அவள் எதுவும் செய்ய வேண்டாம், பொய்கூடச் சொல்ல வேண்டாம். தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தால் முடிந்தது. மார்ச், ஐஸ் கம்பெனி, மரத்துப்போகிற விரல். அவளுக்கு இன்னும் நாலு வருடம் கிடக்கு, அவளுக்கு நாலு வருடம் கிடக்கு.

மகேஸ்வரி குடத்தோடு வந்தாள். “என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தண்ணி குடி.”

ஜெர்லின் தண்ணீர் குடிக்கவில்லை. கைபேசியை எடுத்தாள். முதல் தடவை மணி அடித்து நின்றது. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. பைக்கில் போகிற மனுசன் எப்படி எடுப்பார்? மூன்றாவது தடவையும் விடாமல் அடித்தாள். பதிந்துவிட்டால் மாற்ற முடியாது. பதிந்திருக்கட்டுமே என்று ஒரு மனசு சொன்னது, வெட்கமே இல்லாமல்.

“என்னம்மா?” என்றார் காஜா நவாஸ்.

“அண்ணே, போட்டுட்டீங்களா?”

“இப்பத்தான் பக்கம் தொறக்குது. ஏன்?”

“போடாதீங்க. திரும்பி வாங்க. நான் சுட்டது தப்பு.”

திரும்பி வந்தவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்குக் காதுதான் முதலில் சிவக்கும். “படிச்ச புள்ளதான நீ? எத்தனை தடவை சொன்னேன்? இருவது ரவுண்டு வீணாப் போச்சே! மணி பதினொண்ணேகால். இப்ப நான் என்ன செய்ய?”

“மிச்சம் பத்துப் பத்து இருக்குல்ல. மகேசு சுடட்டும். அவ ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தான் சுடுவா. அவளுக்கு வேற மாதிரி சுடவே தெரியாது.”

“இது என்ன பாராட்டா, நக்கலா?” என்றாள் மகேஸ்வரி. என்ன நடக்கிறது என்று அவளுக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனாலும் கோட்டை மாட்டிக்கொண்டு படுத்தாள்.

கச்சான் இப்போது புழுதியைக் கிளப்பி அடித்தது. நான்கு மூச்சு, டமால். நான்கு மூச்சு, டமால். கொடி துடித்ததா தொங்கியதா என்று அவள் பார்க்கவேயில்லை. பதினோரு மணி நாற்பதுக்குப் புதிய அட்டைகள் வந்தன. சிவப்பு ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடங்கியது. வெள்ளையைப் பார்த்துக் காஜா நவாஸ், “யா அல்லாஹ், கோழி கிண்டுன மாதிரில்ல இருக்கு!” என்றார்.

பெட்டிகள் இரண்டும் காலி. ஜெர்லின் காத்திருந்து சுட்டால் சிவப்பு எப்படிப் போகும் என்று பார்க்க ஒரு தோட்டா மிச்சமில்லை.

“வெள்ளை உனக்கு ஆகும், சிவப்பு இவளுக்கு ஆகும்,” என்றார் காஜா நவாஸ். அவர் குரல் இறங்கியிருந்தது. “ஒண்ணைத்தான் கேக்க முடியும். நான் ஒரு பக்கம் சாஞ்சேன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. நீங்களே சொல்லுங்க.”

மகேஸ்வரி தரையைப் பார்த்தாள். கேட்கவும் மனமில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

“சிவப்பு,” என்றாள் ஜெர்லின். “நான் காத்திருந்து சுட்டா எனக்குச் சிவப்பும் சரியா வரும். இவளுக்கு வெள்ளை ஒருநாளும் சரியா வராது.”

காஜா நவாஸ் மறு பேச்சுப் பேசாமல் பைக்கை உதைத்தார். பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது பதிவு முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

“எனக்காகப் பாவம் பாத்தியா?” என்றாள் மகேஸ்வரி. குரலில் நன்றியைவிடச் சூடுதான் அதிகம் இருந்தது.

“உனக்கு எதுக்குடி நான் பாவம் பாக்கணும்? களவாணிப் பேரோட ஜெயிக்க எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்.”

“சரி, அதென்ன காத்திருந்து சுடுறது? எதுக்குக் காத்திருக்க?”

ஜெர்லின் கொடியின் பக்கம் திரும்பினாள். ஐந்து வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை எங்கே ஒளிப்பது? சொன்னாள். கொடியைக் காட்டினாள், அப்பாவின் வல்லத்தைச் சொன்னாள், கச்சான் மூச்சு விடுவதைச் சொன்னாள்.

மகேஸ்வரி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். “அட போக்கா! நடுநடுவுல நீ அசையாமக் கிடப்பல்ல? இத்தனை நாளா வேளாங்கண்ணி மாதாவைக் கும்பிடுறேன்னுல்ல நினைச்சேன்!”

ஜெர்லினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அப்போதுதான் அவளால் சரியாக மூச்சுவிட முடிந்தது.

செப்டம்பரில் தேர்வு. ஊர் உள்நாட்டில், சுற்றிலும் குன்று. காற்று என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை, லேசாக வந்து போனது. ஒரே ரைபிள் என்பதால் இரண்டு பேரும் வேறுவேறு சுற்று. ஜெர்லின் முதல் சுற்றில் சுட்டாள். சிவப்புத் தோட்டாவோடு ஒன்றரை மாதம் பழகியிருந்தாள், உதையும் தோளுக்குப் பழகிவிட்டது. அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபத்தேழு. அவள் இதுவரை எடுத்ததிலேயே அதுதான் அதிகம். காஜா நவாஸ், “கலக்கிட்ட தாயி” என்றார். அவளுக்கு மார்ச் மாதம் முதல் தடவையாகப் பயம் காட்டாமல் தெரிந்தது.

இரண்டாவது சுற்றில் மகேஸ்வரி. சுடும் கோட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, நேரமும் புள்ளியும் எழுத நடுவர்கள் கொடுத்த தாளை ஜெர்லின் மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது எழுதுவது இவள் முறை. பின்னால் இருப்பவர்கள் ஒரு சொல் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது.

நான்கு மூச்சு, டமால். நான்கு மூச்சு, டமால். திரையில் எண்கள் ஏறின. ஐம்பத்தொன்பது தோட்டா முடிந்தபோது மொத்தம் ஐந்நூற்று அறுபத்தெட்டு. பாக்கி ஒன்று. ஒன்பது விழுந்தால் சமம். அப்படிச் சமமானால் நடு வட்டத்தின் நட்டநடுவில் யாருக்கு அதிகக் குண்டு விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள், அதில் ஜெர்லினுக்குத்தான் கூடுதல். பத்து விழுந்தால் இடம் மகேஸ்வரிக்கு. கடிகாரத்தில் இரண்டு நிமிடம் மீதி.

அந்த நேரம் பார்த்துத்தானா காற்று எழும்ப வேண்டும்? குன்றின் இடுக்கிலிருந்து கிளம்பி வந்தது. கொடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன.

ஒரு மூச்சு. இரண்டு. ஜெர்லின் தன்னையறியாமல் எண்ணினாள். மூன்று. நான்கு.

சத்தம் வரவில்லை.

ஐந்து. ஆறு. மகேஸ்வரி அசையாமல் கிடந்தாள்.

ஐயோ, காத்திருக்கிறாள். ஐம்பத்தொன்பது தோட்டாவுக்குக் கொடியைத் திரும்பிப் பாராதவள், இந்த ஒன்றுக்காகக் காத்திருக்கிறாள். அன்று உப்பளத்தில் ஜெர்லின் விட்டுக்கொடுத்தது வெள்ளைப் பெட்டியை மட்டும் என்று நினைத்திருந்தாள். சே, எவ்வளவு பெரிய முட்டாள்! இடத்தையே அல்லவா கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

சுடு. சுட்டுத் தொலையேன்டி. காற்று அடிக்கும்போதே சுடு.

அவள் அப்படி நினைத்தாள். நினைத்ததை மறைக்க ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் பத்து நொடி. ஐம்பது நொடி. கடிகாரம் ஓடி முடியட்டும், அவள் விரல் மரத்துப் போகட்டும் என்றுகூட நினைத்தாள். கொடி துடித்தது, துடித்தது. முப்பத்தைந்து நொடியில் அதன் நுனி மடங்கியது. பிறகு கொடி முழுதாகத் தொங்கியது. தாளைப் பிடித்திருந்த ஜெர்லினின் வலது ஆள்காட்டி விரல் தானாக மடங்கி அழுந்தியது. அதே நொடியில் முன்னால் ரைபிள் வெடித்தது.

திரையில் பத்து.

பின்னால் காஜா நவாஸ் என்னவோ சொன்னார். யாரோ கைதட்டினார்கள். மகேஸ்வரி ரைபிளைத் திறந்து வைத்துவிட்டு, படுத்தபடியே மெல்லத் திரும்பினாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை, பயந்திருந்தாள்.

“மூச்சு விட்டுருச்சுல்லக்கா?” என்றாள்.

“விட்டுருச்சு,” என்றாள் ஜெர்லின். “பாத்தேன்.”

அறுபதாவது வரிக்கு நேரே அவள் நேரத்தை எழுதினாள், பக்கத்தில் பத்து என்று போட்டாள். எழுதி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அந்தத் தாளை நடுவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பதால், அது நனையாதபடி தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.